நானூற்று எண்பது அடியில் நிறுத்திவிட்டோம்

பனமலை,
ஆடி 11, ஞாயிறு

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாயால் சொல்ல வராதது எழுதினால் வரும் என்றுதான் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் டியூட்டிக்கு நடுவில் படிக்காதே, ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி. நம் நிலத்தில் போர் போட்டு மோட்டார் இறக்கும்வரை இங்கேயே இருக்கிறேன், ஜூலை முப்பத்தொன்றாம் தேதி இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றாயே, அதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

போர் வண்டி இன்னும் வரவில்லை என்று போன வாரம் சொன்னோம், அது பொய். வண்டி வந்து போய்ப் பத்து நாள் ஆகிறது. தண்ணீர் இல்லை. முதல் இரண்டும் தவறின மாதிரி மூன்றாவதும் தவறிவிட்டது. நீரோட்டம் பார்க்கிற கண்ணையன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்து, ஈசானி மூலையில்தான் நீரோட்டம் என்று சுண்ணாம்பால் குறி போட்டுக் கொடுத்தார். வண்டிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியது நான்தான். இந்த வண்டிக்காரர்கள் தாங்களாக நிறுத்த மாட்டார்கள். ஒரு பைப் இருபது அடி, அது முழுக்க இறங்கியதும் இஞ்சினைக் குறைத்துவிட்டு நிலத்துக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் தலையசைத்தால் அடுத்த பைப்பை மாட்டுவார்கள். அப்பா காலை எட்டு மணியிலிருந்து தலையசைத்துக்கொண்டே இருந்தார். இருநூறு அடிவரை வெறும் புழுதி. முந்நூறைத் தாண்டியதும் கொஞ்சம் ஈரமாக வந்தது, அப்பா அதை ஓடிப்போய் அள்ளி உருண்டை பிடித்து என்னிடம் காட்டிச் சிரித்தார், அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. அடுத்த பைப்பில் மறுபடியும் வெள்ளைக் கல்மாவு. அந்த ஈரம்தான் எங்களைக் கெடுத்தது. நானூற்று அறுபது ஆனபோது வண்டிக்காரர் கோகுலகிருஷ்ணன் இறங்கி வந்து, கல்லுதாங்க வந்துக்கினு இருக்குது, பாத்துக்கங்க என்றார். அப்பா இன்னும் ஒன்று என்றார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து நிலத்துச் சின்னதுரை, அண்ணே, இன்னும் எறக்கினா உன் பொண்ணு இருக்கிற ஊர்ல போய் முட்டிக்கும், ஜல்தியா ஒரு போன் போட்டு நகர்ந்து நிக்கச் சொல்லு என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாகூட. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உன் மேல்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தோன்றிவிட்டது. நாலு ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்தவள் இல்லை, உனக்கே தெரியும். நம் தெருவில் முதல் ஆளாக பி.ஏ. படித்தும், பள்ளிக்கூட ஆபீசில் பத்து வருஷம் வேலை பார்த்தும் அந்தக் கூச்சம் போகவில்லை. அந்தப் பைப்பும் இறங்கி அவர்கள் அப்பா முகத்தைப் பார்த்தபோது, "போதும், நிறுத்துங்க" என்றேன். இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கிட்டே போய்க் கையைத் தூக்கிக் காட்டி மறுபடியும் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். முகமெல்லாம் கல்மாவு, கண் மட்டும்தான் தெரிந்தது. தலையை அசைக்கவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். இரண்டாவது போர் தவறியபோது நிலத்தடி நீர் ஆபீசர் ஒருவர் விழுப்புரத்திலிருந்து வந்து கருவி வைத்துப் பார்த்து ஒரு தாள் கொடுத்தார் அல்லவா, அது இங்கிலீஷில் இருந்தது. நீயும் இங்கே இல்லை, வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருநூற்றைம்பது அடிக்குக் கீழே வெடிப்பே இல்லாத பாறை, இங்கே இனி போர் போட வேண்டாம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. இன்னா போட்டுக்குது என்று அப்பா கேட்டார். உன் தாத்தா சாகும்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குச் சேறு மிதித்தவர். இந்த அறுபது சென்ட்தான் நம் வம்சத்தில் முதல் நிலம். அதில் ஒரு போகமாவது நெல் பார்க்க வேண்டும் என்று நிற்கிறவரிடம் அதை அப்படியே படிக்க எனக்கு மனசு வரவில்லை. கஷ்டந்தானாம், ஆழமா போனா கிடைக்கலாமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பின்பாதி தாளில் இல்லை, நானாகச் சேர்த்தது. அதை நம்பித்தான் அப்பா உன்னிடம் சொன்னார், அதை நம்பித்தான் நீ சென்னையில் மேல்படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் இருந்தாய். அந்த இரண்டு வருஷம் என்னால் போனது. என்னை மன்னித்துவிடு செல்வி.

வண்டி போன அன்று சாயந்திரமே பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து அப்பாவுக்கு முழுசும் படித்துச் சொன்னேன். இரண்டு நாள் சோறு போட்டால் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் உள்ளுக்குள்ள தெரியும் செண்பகம். புள்ள அனுப்பிக்கினு இருக்கச்சொல்ல நான் எப்படி வாணாம்னு சொல்றது, அதுக்கு மனசு உட்டுப்பூடும்" என்றார். நீ அவர் மனசு விடக்கூடாதென்று அங்கே இருக்கிறாய், அவர் உன் மனசு விடக்கூடாதென்று இங்கே தலையசைத்திருக்கிறார். நீயே எழுதிடு, போன்ல சொல்ல எனக்கு வராது என்றார்.

நிலத்தை விற்கவில்லை, நீ அதை நினைத்து அழாதே. தண்ணீர் ஆசையைத்தான் விட்டோம். முந்தாநாள் மழைக்கு ஏர் ஓட்டி மல்லாட்டை உரித்துக் கடலை விதைத்திருக்கிறார், வானம் பார்த்து வருவது வரட்டும். எதை எப்போது விடவேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இரண்டு மாதமாக நீ போனை இடது கையிலேயே பிடிப்பதையும், வலது மணிக்கட்டுக் கட்டைத் துப்பட்டாவுக்குள் மறைப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வந்த வலி என்று தெரியாமலா இருக்கும். டாக்டரிடம் காட்டு. கட்டை அவிழ்க்காதே. மேல்படிப்புக்கு மறுபடியும் எழுதிப் போடு, கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இரு, அதுவும் தப்பில்லை.

அம்மாவும் அப்பாவும் சாமியிடம் கேட்டு வாங்கிய நல்லதெல்லாம் உனக்கே வந்து சேரட்டும், நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதே, அதை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்து இறங்கிய மறுநாளே பாஞ்சாலி அத்தை வாசலில் வந்து நின்று, நல்ல வேலையை ஏண்டி உட்டுட்டு வந்தே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம், உள்ளே போய்ப் படுத்துக்கொள். நான்தான் வரச் சொன்னேன் என்று நானே வெளியே வந்து சொல்கிறேன்.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா
வெ. செண்பகம்