தாழ்ப்பாள் போடாத கதவு

நவம்பர் 24, திங்கள். சங்கரன்கோவில்
நாளை கொடைக்கானல். ஏரிக்கு எதிரே ஒரு பெண்கள் விடுதியில் சில நாளைக்கு ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அண்ணனுக்குக் கோபம். ஆகஸ்டில் அடுக்களையில் வலிப்பு வந்து விழுந்ததிலிருந்து நான் எங்கேயும் தனியாக இல்லை. குளிக்கப் போனால்கூட வெளியே மதினி நின்று, "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், வீட்டில் நானே கைக்குழந்தை.

என் பையில் மதினி இரும்புச் சாவி ஒன்றைப் போட்டிருந்தார். "அது வந்துச்சுன்னா கையில இரும்பு இருக்கணும். ஒன் படிப்புக்குப் பிடிக்காதுதான், ஓரமா கெடக்கட்டும்."

எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய். கொடைக்கானல்
சன்னல் நிறைய ஏரி. டாக்டர் சொன்னது: தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகாதீர்கள், குளியலறையைத் தாழிடாதீர்கள், கூட இருப்பவரிடம் சொல்லிவையுங்கள்.

கூட இருப்பவள் பாஜிலா. கடையநல்லூர்ப் பெண், பெங்களூரில் வேலை. எப்படிச் சொல்வது? பயந்து வேறு அறை கேட்டால்? கேட்கட்டுமே. இல்லை — கேட்கக் கூடாது.

நவம்பர் 26
குளிக்கவில்லை. குளிர் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்
"நேத்தும் குளிக்கல. படகுல ஏறவும் மாட்டேங்கிய. தண்ணின்னா பயமாக்கா?" என்று பாஜிலா சிரித்தாள்.

சொல்லிவிட்டேன். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை — வகுப்பெடுப்பதுபோல.

அவள் எழுந்து சன்னல் பக்கம் போனாள். போச்சு, சொல்லியிருக்கவே கூடாது.

பிறகு, "சுடுதண்ணி தீரதுக்குள்ள குளிங்க. நான் வாசல்ல நிக்கேன். ஆனா பாட்டுப் படிப்பேன், பொறுத்துக்கிடணும்."

கேட்கச் சகிக்கவில்லை. நன்றாகக் குளித்தேன்.

நவம்பர் 28, வெள்ளி
வந்துவிட்டது. காலையில், தலை சீவும்போது. விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கடியில் அவள் சால்வை. நாக்கில் ரத்தம். கைக்குள் ஏதோ குத்தியது — அவளுடைய பெட்டிச் சாவி.

"இரும்பு வேண்டாம்னேனே."

"தெரியும்க்கா. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சிட்டேன். அப்புறம் சும்மா நிக்க முடியல. எனக்காகத்தான் குடுத்தேன்."

சாவியை அவள் கையில் வைத்து மூடினேன்.

டிசம்பர் 3, புதன். சங்கரன்கோவில்
மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். இனி எங்கேயும் போக வேண்டாம் என்பது அண்ணன் தீர்ப்பு. மார்ச்சில் படகுக்கு வருவீர்களா என்று பாஜிலா கேட்டிருக்கிறாள். வருகிறேன் என்று பதில் போட்டேன்.

குளியலறை வாசலில் புது ஆணி. அதில் அந்த இரும்புச் சாவி. மதினி என் முகத்தைப் பார்த்தார். சாவியை அங்கேயே விட்டேன். கதவைச் சாத்தினேன், தாழிடவில்லை.

"இருக்கியா?"

"இருக்கேன் மதினி. சும்மா நிக்காம ஒரு பாட்டுப் படிங்க."