பெட்டி வண்டிக்கு ஒரு கால்

1937 அக்டோபர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஈரப் பாவாடையோடு பள்ளிக்கூடம்.

சாயங்காலம் வந்து பார்த்தால், பெட்டி வண்டி! ஆசாரி செய்து முடித்துவிட்டார். மாட்டு வண்டிக்கும் அலமாரிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி. மோட்டார்ச் சக்கரம் இரண்டு, தகரக் கூரை, ஒரு ஜன்னல். உள்ளே அக்கா படுக்கப் பலகை, தையல் மிஷின், அப்பாவின் ஜவுளி மூட்டைகள். முன்னால் நீண்ட இரும்புச் சட்டம், அதன் நுனியில் வளையம். வளையத்தை அப்பாவின் காரின் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும்.

"காருக்கு வால் முளைச்சிருச்சு" என்றேன்.

"வீட்ல ஏற்கெனவே ஒரு வாலு இருக்கு" என்று அப்பா என் காதைத் திருகினார்.

அப்பா சந்தை சந்தையாகத் துணி விற்கிறவர். அங்கேயே தைத்துத் தர ஆள் இருந்தால் நல்லது. அக்காவைப் போல் தைக்க உத்தமபாளையத்தில் ஆள் கிடையாது. ஆனால் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. பஸ்ஸில் ஏற முடியாது, காரில் காலை நீட்ட இடமில்லை. இருபது வயது, இன்னும் போடியைக்கூடப் பார்த்ததில்லை.

நான்கு பேர் தூக்கித்தான் வளையம் கொக்கியில் ஏறியது. அப்பாவுக்குக் குடலிறக்கம், கனம் தூக்கக்கூடாது. அம்மா வாசலில் நின்று எல்லாம் பார்த்தாள்.

"வழியில கழட்டி மாட்ட நாலு ஆம்பளையைத் தேடிக்கிட்டு நிப்பீகளாக்கும்? நீங்களும் பெரியவளுமா மாட்டிக் காட்டுங்க. இல்லைன்னா அவ வீட்லதான்."

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். மூன்று தடவை தவறியது. அவளுக்குத் தவறவே தவறாது.

அக்டோபர் 6, புதன்

வெயில். கணக்குப் பரீட்சை. அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஆசாரி மூட்டை, மிஷின் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார். "மாட்டுக் கழுத்துல பாரம் ஏறக்கூடாது மொதலாளி. எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான் வண்டி கட்டுறோம்."

இப்போது சட்டத்தை ஒரு விரலால் தூக்கலாம். தூக்கிக் காட்டிப் பயில்வான் பட்டம் எனக்கு நானே சூட்டிக்கொண்டேன். அக்கா சிரித்தாள்.

காரைப் பின்னால் எடுக்கும்போது அப்பாவுக்கு வளையம் தெரியாது. நான்தான் வழி சொல்ல வேண்டும். "வாங்க, வாங்க, இன்னும் வாங்க." பக்கத்து வீட்டு வைக்கோல் படப்பு வரைக்கும் வந்தார். தலையில் ஒரு குட்டு.

அக்டோபர் 7, வியாழன்

இன்றைக்கு எழுத்து கோழி கிளறின மாதிரி.

அனுமந்தன்பட்டி வரை வெள்ளோட்டம். அக்காவின் பலகையில் நான். போகும்போது சும்மா "ஐயோ, செத்தேன்!" என்று இரண்டு தடவை கத்தினேன். இரண்டு தடவையும் அப்பா நிறுத்தி, இறங்கி வந்து, திட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை நிஜம். இறக்கத்தில் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. மூட்டை என் மேல். கத்தினேன். கார் நிற்கவில்லை. முன்னால் அப்பாவின் சிரிப்புச் சத்தம். வாய்க்கால் ஒரு முழத்தில் இருக்கும்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

தூக்கக்கூடாதவர் என்னைத் தூக்கி இறக்கினார். "வெளையாடுறேன்னு நெனச்சுட்டேன் ஆத்தா" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை.

அம்மா: "பெரியவ போகலை. பேச்சு முடிஞ்சது."

அக்டோபர் 8, வெள்ளி

மழை விட்டதும் அக்கா ஊன்றுகோலோடு வண்டியைச் சுற்றி வந்தாள். மூன்று சுற்று.

"ஆசாரியண்ணே, மாட்டுக்குக் கழுத்து வலிக்கும். காருக்கு வலிக்குமா?"

"வலிக்காது தாயி."

"பெறகு எதுக்கு அதுமேல இம்புட்டு எரக்கம்? நான் பின்னால சாஞ்சா தள்ளாடுறேன். முன்னால கம்பை ஊணுனா நேரா நடக்குறேன். பாரத்தை முன்னுக்கு வைங்க."

"வச்சா தூக்க முடியாதே?"

"ஏன் தூக்கணும்? எனக்குக் கம்பு இருக்குல்ல, அதுக்கும் ஒண்ணு குடுங்க."

ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடினார். பட்டறையிலிருந்து பழைய ஜாக்கி. அதைச் சட்டத்தின் நுனியில் பொருத்தினார். கைப்பிடியைச் சுற்றினால் சட்டம் ஏறும், இறங்கும். நகர்த்த மட்டும் அடியில் ஒரு சின்னச் சக்கரம் வேண்டும்.

அம்மா பரணில் ஏறினாள். அக்காவின் நடைவண்டியோடு இறங்கினாள். மற்றப் பிள்ளைகள் ஒன்றரை வயதில் விடுவதை அக்கா ஆறு வயது வரை பிடித்து நடந்தாளாம்.

"இதுல ஒரு சக்கரத்தை எடுத்துக்கங்க." மூக்கைச் சிந்தினாள். தூசியாம்.

அக்டோபர் 10, ஞாயிறு

சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டாயிற்று.

என் பங்கு இரண்டு:
காரின் பின்னால் ஒரு குச்சி, சட்டத்தில் ஒரு குச்சி, இரண்டிலும் சிவப்புத் துணி. இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி அப்பா வந்தால் போதும். என் "வாங்க வாங்க" உத்தியோகம் போச்சு.
வண்டிக்குள்ளிருந்து கார் வரை கயிறு, காரில் மாட்டு மணி. அடித்தால் அப்பா நிறுத்த வேண்டும். கேள்வியே கூடாது.

விளையாட்டுக்கு இழுக்க மாட்டேன் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

மறுபடி அனுமந்தன்பட்டி. இறக்கத்திலும் ஆடவில்லை. கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது.

அக்டோபர் 11, திங்கள்

பனி. மலை தெரியவில்லை. போடிப் பயணம். எனக்குப் பள்ளிக்கூடம்.

"எங்க, மாட்டுங்க பாப்போம்." அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்பா குச்சி பார்த்துக் காரைக் கொண்டுவந்தார். ஒரு சாண் விலகல். அக்கா கம்பை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டத்தைப் பிடித்தாள். நடைவண்டி பிடித்து நடப்பது போல இரண்டு எட்டு. சின்னச் சக்கரம் உருண்டது. கைப்பிடியைச் சுற்றினாள். வளையம் கொக்கியில் இறங்கியது. ஆணியைச் செருகினாள். வேறு யாரும் தொடவில்லை.

அம்மா கையை அவிழ்த்தாள். "சோத்து மூட்டையை மறந்துறாதீக" என்றாள்.

போனார்கள். தெருமுனையில் மணி! கார் நின்றது. அம்மாவின் கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டது. நான் ஓடினேன். பாதி வழியில்தான் தெரிந்தது, கம்பு என் கையிலேயே இருக்கிறது. அப்பாடா.

"இந்தா, இதுக்குத்தானே அடிச்ச?"

ஜன்னலில் அக்காவின் தலை. கண் முழுக்கச் சிரிப்பு. "ஐயோ, கம்பை மறந்தே போனேன்டி. உன்னை ஓட விட்டுப் பாக்கத்தான் இழுத்தேன்."

அம்மா சத்தியத்தை ஆள் மாறி என்னிடம் வாங்கிவிட்டாள்.