அம்மாவின் வேலைக்கு நான் போட்ட சைபர்

இல்லை என் தங்க அம்மா, நான் வெளியூர் எங்கும் போகவில்லை. நீ உப்பு சுமந்த அதே அளத்துக்குப் பக்கத்து வேலிக்குள்தான் எனக்கு வேலை. முத்தையாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் இடது பக்கம் உப்பு, வலது பக்கம் வரிசை வரிசையாகச் சோலார் பேனல். உப்புக்காற்றும் துறைமுகத்துக் கரித்தூளும் படிந்த பேனலைக் கழுவுகிறேன்.

நீ போன பிறகு பத்தாவதைப் பாதியில் விட்டேன். பெஞ்சில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். யார் மேலும் பழி போட மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம். உப்பு அறுத்த பாத வெடிப்புக்கு நீ எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய். நான் இயற்பியல் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“எம்மா, இதுல என்ன போட்டுருக்கு தெரியுமா? தலைச்சொமையோட சமதரையில எவ்வளவு தூரம் நடந்தாலும், அந்தச் சொமை மேல செய்யுத வேலை சைபர். அப்போ நீ செய்யுதது சைபர்!”

எண்ணெய்க் கையாலேயே ஓர் அறை விட்டிருக்கலாம். நீ சிரித்தாய். அதோடு விட்டாயா? மறுநாள் அளத்தில் போய், உன்னோடு சுமை தூக்கும் பேச்சி அத்தையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

“ஏளா பேச்சி, எம் மவன் சொல்லுதான், நாம செய்யுத வேலையெல்லாம் சைபராம். புக்குலயே இருக்காம்!”

“ஒம் மவன வந்து ஒரு கூடை தூக்கச் சொல்லுளா. சைபரா நூறான்னு பொறவு பாப்போம்.”

அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. காலையில் உங்கள் வண்டி வந்து நின்றால், “சைபர் வேலைக்குக் கெளம்பியாச்சா?” என்று ஒருத்தி கேட்பாள், எல்லாரும் சிரிப்பீர்கள். மகன் கெட்டிக்காரன் என்று காட்ட உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா அம்மா?

அந்தச் சித்திரையில் உப்பு அம்பாரத்தின் அடியில் விழுந்தாய், பிறகு எழவே இல்லை. ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்திருந்தேன், அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்றார்கள். அளத்தில் பெண்கள் ஒதுங்க இடமில்லை, அதனால் யாருமே குடிப்பதில்லை. அதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆற்றல் மூலங்கள் அத்தனையும் ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு.

இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் அண்ணாச்சி சொன்னார்: “இது மேல விழுத வெயில்ல அஞ்சுல ஒரு பங்குதாம்லே கரண்டாவுது. மிச்சம் முக்காவாசி சூடாத்தான் போவுது.” பேனலுக்கு அடியில் சூடு பார்க்கச் சின்னக் கருவி ஒட்டியிருக்கிறது. அளவு தாண்டினால் அவர் போனில் சத்தம் வரும். கழுவுவதற்கு லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, கையில் பிரஷ்ஷோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சமதரை என்றுதான் போட்டிருக்கிறது. நீ சமதரையிலா நின்றாய்? அம்பாரத்தில் ஏறினாய். கூடை இருபத்தைந்து கிலோ, உயரம் மூன்று மீட்டர் என்று வைத்தாலும் ஒரு தடவை ஏறினால் எழுநூற்றைம்பது ஜூல். அது உப்பு மேல் செய்த வேலை மட்டும்தான். உன்னையே நீ சுமந்து ஏறியது தனி.

இரண்டு பக்கம் தள்ளிப் பயனுறு திறன் வருகிறது. செலவழித்த ஆற்றல் எங்கேயும் காணாமல் போகாது. தசை செலவழிப்பதில் சுமார் கால் பங்குதான் வேலையாகும், மிச்சம் உடம்புக்குள்ளேயே சூடாகும். சமதரையில் நடந்தபோது உப்பு மேல் வேலை சைபர்தான். ஆனால் நீ செலவழித்தது சைபரா? அத்தனையும் உனக்குள் சூடாகச் சேர்ந்தது, அதைத் தணிக்கத் தண்ணீரும் இல்லை. இரண்டே பக்கம் அம்மா. புரட்டாமல் உன்னிடம் ஓடி வந்தேன்.

போன வாரம் பேச்சி அத்தை அம்பாரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலி தாண்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“சைபர் வேலைக்கு எதுக்குலே தண்ணி?” என்று சிரித்தாள்.

நான் சொன்னது தப்பு என்றேன். ஜூல் கணக்கை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஜூலோ கீலோ, குடிச்சுட்டு எங்கனலே போவ? ஒங்க வேலிக்குள்ள விடுவியளா?”

வேலிக்குள் எங்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டேன். “வெளியாளை உள்ள விட்டா என் வேலைக்கே ஒல வச்சிருவாங்கலே” என்றார். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் உன்னைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று காலை வேலிக் கதவின் சாவியை என் கையில் வைத்தார். “பொம்பளையளுக்கு மட்டும். ஏதாவது ஆச்சுன்னா ஒன்னையத்தாம்லே கேப்பேன்.”

இந்த வேலியைத் திறக்க நாலு நாள்தான் ஆயிற்று. உனக்காக யாரும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேனா?

பேச்சி அத்தையை அந்த இடத்தில் விழ விட மாட்டேன் அம்மா. அவள் குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன், திட்டினாலும் நிற்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் மணி பத்தரை ஆகிவிட்டது, அத்தை கூடையோடு ஏறுவது இங்கிருந்தே தெரிகிறது. நான் போகணும்.

உன் மகன்,
சுடலை