கரிக் கட்டைவிரல்

1942 அக்டோபர் 9
அப்பா தூங்கிய பின் எழுதுகிறேன். விழுப்புரத்தில் எஞ்சினுக்குக் கரி அள்ளும் என் அண்ணன் ராயப்பன் திண்டிவனத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறான். ரயிலில் யாரோ விட்டுப்போன துப்பறியும் நாவல் ஒன்று கொண்டுவந்தான். வழக்கம்போல முதலில் தானே படித்துவிட்டு, கொலைகாரன் பெயர்மேல் கரிக் கட்டைவிரலை அழுத்தி வைத்திருக்கிறான். மூன்றாம் பக்கத்திலேயே. பாழாய்ப் போனவன்.

அக்டோபர் 12
அண்ணன் வேலைக்குத் திரும்பவில்லை. ஆட்டுக்கொட்டகையிலேயே கிடக்கிறான். தந்திக் கம்பி அறுத்தவர்களைப் போலீஸ் தேடுகிறதாம். அவன் உள்ளங்கையில் கம்பி கிழித்த காயம். கேட்டேன்.
"நீ படிக்கிற வேலையப் பாரு, இருதயம்."

அக்டோபர் 14
கூலியாக வந்த மல்லாட்டையை விலை கேட்டு ஒரு புது ஆள் வந்தார். வாங்க வருகிறவர்கள் முதலில் ஒரு காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார்கள், காய்ந்திருக்கிறதா என்று. இவர் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.
மாறுவேடம். நாவலில் துப்பறிபவர் வந்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும். இன்று வந்த பிறகுதான் பயம்.
கொட்டகைக்கு ஓடிச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. "அம்மாகிட்ட அப்புறமா சொல்லு. நான் போறேன்." பின்னாலிருந்த கரும்புக்குள் இறங்கிவிட்டான்.

அக்டோபர் 15
அதே ஆள், போலீசோடு. அப்பா கைகட்டி நின்றார்.
"அண்ணன் எங்கேம்மா?"
கதைகளில் பொய் சொல்பவர்கள் நிறையப் பேசித்தான் மாட்டுவார்கள். "தெரியாதுங்க" என்றேன்.
"நேத்து இருந்தானா?"
"தெரியாதுங்க."
மல்லாட்டைக் குவியலைக் காலால் கிளறிவிட்டுப் போனார்கள். எங்கே போனான் என்று நிஜமாகவே தெரியாதே.

அக்டோபர் 23
கரும்புக்காட்டில் சுட்டார்களாம். யாரை என்று ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க.

நவம்பர் 2
கல்லறைத் திருநாள். செத்துப்போன எல்லாருக்கும் ஏற்றிய பிறகு அம்மா கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம். ஏத்துறதா வேணாமான்னு நின்னுக்கினே இருந்தாங்க. யாருக்குன்னு நான் கேக்கல. ஏற்றாமலே மடியில் வைத்துத் திரும்பினார்கள்.

டிசம்பர் 20
ஸ்டேஷனில் பூ விற்கும் செண்பகம் அக்கா பள்ளிக்கூட வாசலில் ஒரு நாவலைக் கொடுத்தார். "ரயில்ல ஒருத்தர் உனக்குன்னு குடுத்துட்டுப் போனாரு."
மூன்றாம் பக்கத்தில் கரிக் கட்டைவிரல். துப்பறிபவர் பெயர்மேல்.
கடைசிவரை படித்துப் பார்த்தேன். அவர் கொலைகாரர் இல்லை. இந்த முறை அண்ணன் என்னை ஏமாற்றியிருக்கிறான்.
அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்தப் பக்கத்தை மட்டும் காட்டினேன். கரியின்மேல் தன் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பெட்டியிலிருந்து அந்த மெழுகுவர்த்தியை எடுத்து, படிக்க வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தார்கள்.