ஆற்றுக்குள் அலை

அன்புள்ள என்னவருக்கு,

நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. "அவனுக்கு எழுதாத, கவலைப்படுவான்" என்றார், எழுதிவிட்டேன். உங்கள் நான்கு பக்கக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மெஷின் ஒழுங்காக ஓடிய பிறகுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். ஓடுகிறது.

பார்வையற்றோர் பள்ளிக்கு, பிள்ளைகள் தொட்டுப் படிக்கிற மாதிரி மரத்தில் வரைபடம் செதுக்கித் தர ஒப்புக்கொண்டதைச் சொல்லியிருந்தேன். முதல் பலகையைக் கொண்டுபோன அன்று நடந்ததைச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. கார் ஷெட்டில் நானே கட்டிய சி.என்.சி ரவுட்டர், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் வெட்டுகிற அந்த மெஷின் செதுக்கியது, கண்ணுக்கு வழவழவென்றுதான் தெரிந்தது. அங்கே பாடம் நடத்தும் டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆற்றின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, "ஆத்துக்குள்ள அலை அடிக்குதே, வேணும்னே செஞ்சீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். வெட்டும்போது மெஷின் அதிர்ந்ததில் விழுந்த வரிகள் அவை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கட்டர் மேல் பழி போட்டு மூன்று கட்டர் மாற்றினேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படாமல்தான் உங்களுக்கு எழுதினேன். கப்பல் பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, கை ஓய்ந்த பிறகு உட்கார்ந்து அத்தனை படம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இதை எப்படி நன்றி என்ற ஒரு சொல்லில் அடக்குவது?

நீங்கள் சொன்னபடியே, மயிரிழை அசைவையும் முள்ளில் காட்டுகிற, நீங்கள் விட்டுப்போன டயல் கேஜை மேஜையில் பொருத்தி, அதன் முனை கட்டரைத் தொடும்படி வைத்தேன். எந்தப் பாகத்தை அழுத்தினால் முள் நகர்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த அத்தை கால் வலியில், கட்டரைத் தாங்குகிற பக்கவாட்டுத் தூணில் சாய்ந்துவிட்டார். முள் அரைச் சுற்று ஓடியது. அரை மில்லிமீட்டர். "அத்தை, அப்படியே நில்லுங்க" என்றேன். "நான் என்னடி பண்ணேன்?" என்று பயந்துபோனார்.

பெரிய மரக்கட்டையெல்லாம் நுழைய வேண்டும் என்று அந்த இரண்டு தூண்களையும் ஒன்றரை அடி உயரம் வைத்து ஆட விட்டது நான். நீங்கள் திட்டியிருக்கலாம். "உன் கணக்கு தப்பில்லை, ஆசைதான் கொஞ்சம் உயரம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை அத்தைக்குத் தெரியாமல் எத்தனை முறை படித்தேனோ.

தூண்களைப் பாதிக்கு மேல் அறுத்துக் குட்டையாக்கினேன். இரண்டு தூணையும் மேலே இணைக்கிற பாலத்துக்கு நீங்கள் சொன்ன கனமான சதுர இரும்புக் குழாயைப் போட்டு, அதற்குள் மணலும் எபாக்சி பசையும் கலந்து நிரப்பினோம். கலக்கியது அத்தை. முன்பு தட்டினால் மணி மாதிரி ஒலித்தது, இப்போது தொம்மென்று அடங்குகிறது. "இப்பத்தான் உன் புருஷன் மாதிரி இருக்கு, என்ன தட்டினாலும் வாய் திறக்கல" என்றார். மறுபடி அவரையே சாயச் சொன்னேன். முள் இரண்டு கோடுதான் நகர்ந்தது.

போன வாரம் புதுப் பலகையோடு போனேன். டீச்சர் ஆற்றை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் படித்தார். பிறகு கடற்கரை. அங்கே விரல் மெதுவாகிவிட்டது. திரும்பப் போய் மறுபடி வந்தார். "கரை இவ்ளோ வளைஞ்சு வளைஞ்சா போகுது? நேராத்தான் இருக்கும்னு இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேனே" என்றார். முகம் சிரித்தபடியே இருந்தது. இன்னும் பத்துப் பலகை கேட்டிருக்கிறார். என்னால் தனியாக முடியுமா என்று கேட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த மாதம் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்பது எனக்கு நினைவிருக்கிறது. நீட்டிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். எங்கே இருந்தாலும் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஆனால் நீட்டிப்புத் தாளைக் கையில் கொடுத்தால், உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பலகைக்கு டீச்சரிடம் நானும் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள்,
நான்