வேப்பிலை கட்டிய புது அறை

படவேடு
30-6-57

அன்புள்ள மாமாவுக்கு அம்சவல்லி எழுதுவது. ஜவ்வாது மலைக்காற்று நன்றாக அடிக்கிறது, நான் சுகம். ஆடித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் தங்க, வீட்டுக்குப் பின்னால் புது அறை கட்டிக் கூரையும் போட்டாயிற்று. இந்த ஆடியில் அறைகள் நிறைந்தால் லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றீர்களே, மறந்துவிடாதீங்க. மூன்று வருஷமாகக் கடுதாசியோடுதான் குடித்தனம் பண்ணுகிறேன்.

உங்கள்
அம்சா

மதராஸ்
8-7-57

என் அம்சாவுக்கு,

கப்பலில் வந்த ஃபுளூ ஜுரம் இங்கே வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. பஸ் ஏறவே ஜனங்கள் பயப்படுகிறார்கள். எங்கள் லாட்ஜிலும் பாதி அறை பூட்டிக் கிடக்கிறது. இந்த வருஷம் யாரையும் சேர்க்காதே. வருஷா வருஷம் நம் வீட்டில் தங்கும் கோபால்சாமி குடும்பத்தோடு கிளம்புகிறாராம், பிள்ளைகளுக்கு இருமல். நீ இளகின மனசுக்காரி, அதனால்தான் சொல்கிறேன். நான் வருவது இனி அடுத்த ஆடிக்குத்தான். கோபித்துக்கொள்ளாதே, கண்ணு.

தாண்டவராயன்

படவேடு
1-8-57

மாமாவுக்கு,

திட்டாமல் படியுங்க. தெருவுக்கே ஒருத்தரும் வரவில்லை, கோபால்சாமி குடும்பம் மட்டும் வந்து நின்றது. எப்படிப் போகச் சொல்வேன்? மறுநாளே நாலு பேருக்கும் ஜுரம். ஆடி மாசமாச்சே, அம்மைதான் போடப்போகிறது என்று அவர்கள் தங்கிய புது அறை வாசலில் வேப்பிலை கட்டிவிட்டேன். தாளிப்பை நிறுத்தி, கூழும் இளநீரும் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஒருத்தரையும் வெளியே விடவில்லை. பிறகு வந்த கம்பவுண்டர் வடிவேலு, "இன்னாம்மா இது, அம்மை இல்ல, ஃபுளூ. ஆனா வூட்டுக்குள்ளயே வச்சிருந்தியே, அதனால தெரு தப்பிச்சுது" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மன் வந்த வீடு என்று நினைத்திருந்ததால் வாடகையும் வேண்டாமென்று சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லை மாற்றவில்லை. அடுத்த ஆடிக்கே வாங்க, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அம்சா

மதராஸ்
6-8-57

அம்சா,

கோபால்சாமி நேற்று என்னைத் தேடி லாட்ஜுக்கே வந்தார். முப்பத்தொன்றாம் தேதி அவர்கள் கிளம்பும்போதே நீ ஜுரத்தில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாயாமே. நன்றாக இருக்கிறேன் என்று எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கோபப்படத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

முதலாளியிடம் லீவு கேட்டேன். வேலையாட்களில் பாதிப் பேர் ஜுரத்தில் கிடக்கிறார்கள், இப்போது போனால் திரும்பி வராதே என்றார். "சரிங்க" என்று சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். அறை நிறைந்தாலும் சரி, நிறையாவிட்டாலும் சரி, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டது. இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன்
தாண்டவராயன்