சந்தை வாசலில் உன் முகம்

அக்கா,

நீ ஏன் கடையைப் பூட்டிவிட்டு ஓடினாய் என்று சந்தைக்குப் போனதும் புரிந்தது. வாசலில் ஆளுயர பேனர். பாதி இடத்தில் கவுன்சிலரின் பல், மீதியில் உன் முகம். கீழே, "கணவனிடம் அடிபட்ட பெண்ணுக்குக் கவுன்சிலர் தந்த கஞ்சிக்கடை" என்று கடை எண்ணோடு எழுதியிருந்தது. உன்னை அடித்த ரோடெலுக்குத் தெரியக்கூடாது என்றுதானே இலோய்லோ ஊரை விட்டு இங்கே வந்தாய்? இவர்கள் அவனுக்கு வழி எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

கவுன்சிலரின் ஆளிடம் கேட்டேன்.

"உதவி வாங்கினா நன்றி சொல்ல வேணாமா தங்கச்சி? எல்லாருக்கும் மாட்டறதுதானே," என்றான் பல் குத்திக்கொண்டே.

"அது அரசாங்கப் பணம். மூஞ்சி வேணும்னா உங்க பொண்டாட்டி மூஞ்சிய மாட்டுங்கண்ணே."

மீன்காரி நெனித்தா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நானே ஏறிக் கிழித்தேன். உன் முகத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டேன். கவுன்சிலர் இருந்த பாதியை நம் கடை வாசலில் கால்மிதியாகப் போட்டிருக்கிறேன்.

புதிதாக மாட்டினால் மறுபடி ஏறுவேன். கல்லூரியை விட்டவளுக்கு வேறென்ன வேலை? கடையை இப்போது நான்தான் திறக்கிறேன், ஆனால் எனக்குக் கஞ்சி தினமும் அடிபிடிக்கிறது. அந்தக் கடை உன்னுடையது, அக்கா. வா. காலில் சேறு இருந்தால் அவர் பல்லில் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வா.

கரண்டியோடு காத்திருக்கும்
உன் தங்கை